பெட்டிக்குள் இருப்பதும் கணினியே

"கணினி வேறு, ரவுட்டர் வேறு. தமிழ்த்துறை தமிழைக் கவனித்தால் போதும்." எங்கள் கல்லூரி அலுவலகம் சென்ற ஆண்டு அனுப்பிய குறிப்பாணையின் சாரம் இவ்விரு வாக்கியங்கள்தாம். இரண்டாம் வாக்கியம் எங்களைச் சிறுமைப்படுத்த எழுதப்பட்டது, அதனை மன்னித்துவிடலாம். முதல் வாக்கியம் பிழையானது, அதனை மன்னிப்பதற்கில்லை. அந்தப் பிழை எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரியதாயின் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. கற்றோர் பலரிடமும், இலக்கியம் பேசுகிற நம்மிடையேயும், அது ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் உலவுகிறது. ஆகவே எழுதுகிறோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் நூலகத்தின் மாடியில் பழைய தமிழ் இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவைத்த தொகுப்பு ஒன்று இருக்கிறது. பல்லாண்டு உழைப்பு அது. தாள் தொட்டால் உதிரும் இதழ்கள் சில அங்கே படமாக மட்டுமே உயிரோடிருக்கின்றன. அத்தொகுப்பு நூலகத்துக்கே உரிய வலையமைப்பில் ஒரு சர்வரில் உள்ளது. தமிழ்த்துறையில் வேறொரு திட்ட நிதியில் வாங்கிய ஆறு கணினிகள், தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இன்னொரு வலையமைப்பாக இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு முற்றம், ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் தொலைவு. ஆயினும் ஓர் ஆய்வு மாணவருக்கு ஓர் இதழின் நான்கு பக்கங்கள் தேவைப்பட்டால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து, மாடியேறி, நூலகரின் கணினி ஒழியும்வரை காத்திருந்து, நகலெடுத்துத் திரும்ப வேண்டும். அப்படிப் போய்வந்த பென் டிரைவ் ஒன்றில் புகுந்த வைரஸ், ஒரு மாணவி இரண்டாண்டுகளாகத் தொகுத்த குறிப்புகளை அழித்தது. வேறு நகல் வைத்திருக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அந்தப் பெண்ணிடம் அதை அன்றைக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இரு வலையமைப்புகளையும் இணைத்துத் தருமாறு அலுவலகத்துக்கு இருமுறை விண்ணப்பித்தோம். ஒரு நிறுவனத்தின் விலைப்புள்ளியை எங்களிடம் காட்டி, நிதி வரும்போது பார்க்கலாம் என்றார்கள். நிதி வரவில்லை.

ஒரு கம்பியை இழுத்து இரண்டு ஸ்விட்சுகளையும் கோத்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. போதாது. அப்படிச் செய்தால் இரண்டும் கலந்து ஒரே வலையமைப்பாகிவிடும். இங்குள்ள ஒவ்வொரு கணினியும் அங்குள்ள ஒவ்வொன்றையும் தடையின்றித் தொடலாம். நூலகர் அதற்கு இசையவில்லை. அவர் மறுத்தது சரியே. போதாக்குறைக்கு இரு பக்கமும் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கின. இரண்டு ஊர்களிலும் ஒரே தெருப்பெயர், ஒரே கதவெண். அஞ்சல்காரர் என்ன செய்வார்?

எனவே இரண்டையும் தனித்தனியே நிறுத்தி, நடுவே ஒரு வாயிலை வைக்க வேண்டும். அந்த வாயிலைத்தான் ரவுட்டர் என்கிறோம். கிராமத்தில் முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லைவாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகள் உண்டு. வீட்டுக்காரர் இசைந்தால் அந்தத் தெருக்காரர்கள் இதனூடே நுழைந்து அடுத்த தெருவுக்குப் போகலாம். இரண்டு நெட்வொர்க் கார்டுகள் பொருத்திய கணினி அப்படிப்பட்ட வீடு. ஒரு கார்டு ஒரு வலையமைப்பில், மற்றது இன்னொன்றில். வழக்கமாகக் கணினி தனக்கு வந்த பொட்டலத்தை மட்டும் ஏற்கும். பிறர்க்குரியது தவறி வந்தால் எறிந்துவிடும். "பிறர்க்குரியதையும் வாங்கி, உரிய பக்கம் அனுப்பு" என்று அதற்குச் சொன்னால் அக்கணமே அது ரவுட்டர். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்றே ஒரு சிறு கோப்பு உண்டு. அதனுள் இருப்பது ஓர் எண். பூச்சியமாக இருந்தால் கதவு மூடியிருக்கிறது. ஒன்றாக மாற்றினால் திறக்கிறது. அலுவலகம் எங்களுக்குக் கடக்கவொண்ணாக் கடலென்று காட்டியது இந்தப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளியைத்தான்.

கழித்துக்கட்டப்பட்ட கணினி ஒன்று துறையின் மூலையில் கிடந்தது. சில நூறு ரூபாய்க்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு வாங்கினோம். நூலகரின் ஒப்புதலோடு, கணினி அறிவியல் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் மாலை நேரங்களில் உடனிருந்து உதவ, எங்கள் பக்கத்து முகவரிகளையெல்லாம் 192.168.2 என்று மாற்றினோம். எண்ணை ஒன்றாக்கினோம். இயங்கவில்லை.

அந்தத் தோல்வியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் கற்றது அங்கேதான். எங்கள் கணினியிலிருந்து சென்ற விண்ணப்பம் பழைய கணினியைக் கடந்து நூலகச் சர்வரைச் சேர்ந்தே இருந்தது. சர்வர் விடையும் எழுதியது. ஆனால் 192.168.2 என்றொரு ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாத ஊருக்கெல்லாம் இணையத்துக்குப் போகும் பெட்டியே வழி என்று அதன் வழி அட்டவணையில் எழுதியிருந்தது. ஆகவே விடை அப்பெட்டிக்குப் போய் அங்கேயே மாண்டது. தூது போனது, மறுமொழி வேறு தெருவில் அலைந்தது. போகும் வழியை அமைத்தவர் திரும்பும் வழியையும் அமைக்க வேண்டும். சர்வரில் ஒரு வரியைச் சேர்த்தோம்: "192.168.2 என்னும் ஊருக்கு இந்தப் பழைய கணினியே வழி." மறுகணம் விடை வந்தது.

வந்த விடையில் ஓர் எண் இருந்தது: 63. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அதன் வாழ்நாள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு வாயிலைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். பூச்சியமானால் பொட்டலம் எறியப்படும். வழிதவறியவை முடிவின்றிச் சுற்றாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. சர்வர் 64 என்று எழுதி அனுப்பியது எங்களிடம் 63 ஆக வந்தது. இடையே ஒருவர் நின்று வாங்கித் தந்திருக்கிறார் என்பதற்கு அந்தக் குறைந்த ஒன்று சாட்சி. இருபதாண்டுகளாகப் பாடம் சொல்லும் எங்களுள் மூவர் அன்று மாலை அந்த எண்ணைப் பார்த்துச் சிறுபிள்ளைகள்போல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பின்னர் அந்தக் கணினியிலேயே காவலும் வைத்தோம். எங்கள் பக்கத்திலிருந்து இதழ்த் தொகுப்பைப் படிக்கலாம். வேறெதையும் தொட இயலாது. ஏழு மாதம் அது வேலை செய்தது. பிறகுதான் அந்தக் குறிப்பாணை. "கணினி வேறு, ரவுட்டர் வேறு." நம்பகமற்ற தற்காலிக ஏற்பாடு, உடனே அகற்றுக. அகற்றினோம்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். கணினி வேறு, ரவுட்டர் வேறு என்பவர் ரவுட்டரின் வரலாற்றை ஒருநாளும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். 1969இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் தொடங்கியபோது, பொட்டலங்களை வாங்கி வழியனுப்ப ஒவ்வொரு நிலையத்திலும் வைக்கப்பட்டது ஹனிவெல் 516 என்னும் கணினி. குளிர்பதனப் பெட்டி அளவிலான அது, வேறு பணிகளுக்கும் விற்கப்பட்டுவந்த கணினிதான். அதற்கெனத் தனி மென்பொருள் எழுதி அதை வழியனுப்ப வைத்தார்கள். அது ஒரே வலையமைப்புக்குள் நடந்த வேலை என்று நுணுக்கம் பேசுவோர் சொல்லக்கூடும். உண்மைதான். வேறுவேறு வலையமைப்புகளை இணைப்பது எங்ஙனம் என்பதற்கு வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையே அடிப்படை. இரு வலையமைப்புகளுக்கு நடுவே நிற்பதை அவர்கள் 'கேட்வே', அதாவது வாயில் என்றார்கள். 1977 நவம்பர் 22ஆம் நாள் கலிபோர்னியாவில் ஓடிய ஒரு வேனிலிருந்து புறப்பட்ட பொட்டலங்கள் வானொலி, செயற்கைக்கோள், ஆர்ப்பாநெட் என்னும் மூன்று வலையமைப்புகளைத் தாண்டி உரிய இடம் சேர்ந்தன. அன்று இடையே வாயில்களாக நின்றவை கணினிகளே.

1986இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் மீக்கணினி மையங்களை இணைத்து என்எஸ்எஃப்நெட் என்ற வலையமைப்பை அமைத்தது. பின்னாளில் இணையத்தின் முதுகெலும்பு என்று பேர்பெற்றது அதுதான். அதன் ஆறு நிலையங்களிலும் நின்ற ரவுட்டர்கள் எவை? டெக் நிறுவனத்தின் எல்எஸ்ஐ-11 சிறுகணினிகள். அவற்றில் ஓடியது டேவிட் மில்ஸ் எழுதிய 'ஃபஸ்பால்' என்னும் மென்பொருள். 1988இல் அந்த முதுகெலும்பை வேகப்படுத்தியபோது என்ன வைத்தார்கள்? ஒவ்வொரு நிலையத்திலும் ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்டி வகைக் கணினிகள் ஒன்பதைச் சேர்த்து ஒரு ரவுட்டராக்கினார்கள். ஒரு நாட்டின் ஆய்வுலகமே கணினிகளின் தோளில் பயணம் செய்திருக்கிறது. எங்கள் ஆறு கணினிகளும் வேப்பமரத்தைத் தாண்டுவதற்கு மட்டும் அது நம்பகமற்றதாகிவிட்டது!

தனிப்பெட்டியாக விற்கும் வணிகம் 1980களில்தான் எழுந்தது. சிஸ்கோ தொடங்கப்பட்டது 1984இல். அதன் முதல் சரக்கின் மூலம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அங்குள்ளவர்கள் தம் வளாகத்துக் கட்டடங்களை இணைக்கத் தாமே செய்துகொண்ட கருவியும், வில்லியம் யேகர் எழுதிய மென்பொருளும். கல்லூரிக்காரர்கள் தங்கள் கட்டடங்களை இணைக்கத் தாங்களே செய்த வேலையிலிருந்துதான் அந்தப் பெட்டி பிறந்தது என்பதை எங்கள் அலுவலகத்தின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

சரி, இன்று வாங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம், ஓர் இயங்குதளம். வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் அந்த இயங்குதளம் லினக்ஸ்தான். 2003இல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் வீட்டு ரவுட்டர் ஒன்றின் நிரல்களை, அவை கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு உட்பட்டவை என்பதால் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004இல் கிளைத்ததே ஓப்பன்-டபிள்யூஆர்டி. அவ்வளவு தொலைவு போவானேன்? உங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மடிக்கணினிக்கு இணையம் கொடுக்கிறீர்களே, அப்போது கைப்பேசி என்ன செய்கிறது? ஒரு பக்கம் கோபுரத்தின் வலையமைப்பு, மறுபக்கம் உங்கள் வைஃபை; நடுவே நின்று வாங்கித் தருகிறது. ரவுட்டர் என்பது ஒரு பொருளின் பெயரன்று; ஒரு தொழிலின் பெயர். அதைக் கணினி செய்யலாம், கைப்பேசி செய்யலாம், பூட்டிய பெட்டியும் செய்யலாம்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை. மின்செலவு உண்டு. 60 வாட் தின்னும் பழைய கணினி இரவுபகல் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 525 யூனிட். 8 வாட் சிறுபெட்டிக்கு 70 யூனிட் போதும். பழைய வன்தட்டு ஒருநாள் நின்றுபோகும். விசிறியில் தூசி அடையும். பெருநிறுவனங்களின் பெருவேகத்துக்கு அதற்கென்றே செதுக்கிய சில்லுகள் வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றிலும் கனமானது: கணினி அறியாமல் வாயிலாகிவிட்டால் கேடு. 1989இல் இணையத்தின் விதிகளை வகுத்தோர், ரவுட்டராகும் ஆற்றல் ஒரு கணினியில் இருந்தாலும், ஒருவர் வேண்டுமென்றே திறக்கும்வரை அது மூடியே இருக்க வேண்டுமெனக் கட்டளையாக எழுதிவைத்தார்கள். அந்தப் பூச்சியம் அங்கிருப்பது காரணத்தோடுதான். இதையெல்லாம் காட்டி, "உங்கள் காவல் விதிகளைக் காட்டுங்கள், சரிபார்க்கிறோம்" என்று அலுவலகம் கேட்டிருந்தால் மகிழ்ந்து காட்டியிருப்போம். எவரும் கேட்கவில்லை. பார்க்கக்கூட வரவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பின் பூட்டிய பெட்டி வந்தது. இப்போது நிதி எங்கிருந்தோ வந்துவிட்டது. பொருத்தியவர் கடவுச்சொல்லைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போய்விட்டார். கல்லூரியில் அந்தச் சொல் ஒருவருக்கும் தெரியாது. அலுவலகத்துக்குத் தெரியாது, கணினி அறிவியல் துறைக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியவே தெரியாது. இவ்வாண்டு நூலகச் சர்வரின் முகவரி மாறியது. பெட்டியில் ஒரு வரியை மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை. அவர் நகரத்திலிருந்து வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் பென் டிரைவ்கள் மீண்டும் முற்றத்தைக் கடந்தன. இதற்குப் பெயர் நம்பகம்.

பூட்டியிருப்பதே பாதுகாப்பு என்பாரும் உளர். 2018 மே மாதம் வெளிவந்த செய்தியை அவர்களுக்கு நினைவூட்டுவோம். விபிஎன்-ஃபில்டர் என்னும் தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது கண்டறியப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் மூலையில் விளக்கெரிந்துகொண்டு கிடந்த ரவுட்டர்கள். பெட்டிகளை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. வாங்கி மாட்டியபின் எவரும் திரும்பிப் பாராத பெட்டி, உள்ளிருக்கும் மென்பொருள் புதுப்பிக்கப்படாத பெட்டி, பூட்டாலேயே காப்பாற்றப்படுவதில்லை. பழைய கணினியிலும் ஓட்டை விழும், மறுக்கவில்லை. ஆனால் அதனைத் திறந்து பார்க்கவும் அடைக்கவும் வீட்டுக்காரருக்கு வழியுண்டு.

அலுவலகத்தைச் சாடியது போதும். நம்மவர்களிடம் சிறிது பேச வேண்டியிருக்கிறது. குறிப்பாணையைப் படித்த தமிழ் நண்பர்கள் சிலர், "அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டல்லவா? இலக்கியம் படித்தவர்களுக்குக் கம்பியும் கார்டும் எதற்கு?" என்றார்கள். அதே நண்பர்கள் ரவுட்டருக்கு எது சரியான தமிழ் என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். திசைவியா, வழிச்செயலியா, வழிப்படுத்தியா? நாங்களும் அந்த வாதங்களில் இருந்தவர்கள்தாம், பெருமையாகச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகளில் எங்களுள் ஒருவர்கூட அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தபின் தோன்றியது: மூன்று சொற்களுமே அரைகுறை. அது திசை காட்டுவதோடு நிற்பதில்லை. இரு தரப்பின் நடுவே நின்று வாங்கிக் கொடுக்கிறது. அதற்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று சொல் கொண்டுசெல்லும் தோழி, பாணன் முதலிய பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் 'வாயில்கள்' என்று அழைக்கிறது. இணையத்தை வகுத்தோரும் முதலில் 'வாயில்' என்றே சொன்னார்கள். 1987இல் வந்த அவர்களது விதிநூலின் தலைப்பில் 'கேட்வே' என்று இருந்ததை, அதன் இடத்தில் 1995இல் வந்த நூல்தான் 'ரவுட்டர்' என்று மாற்றியது. அகப்பாடல்களின் அடிக்குறிப்பில் 'வாயில் மறுத்தது' என்றொரு துறை வரும். வந்த தூதை உள்ளே விடாமல் திருப்புவது. ஃபயர்வாலுக்குத் தீச்சுவர் என்று பெயரிட்டுத் திருப்தியடைந்த நாம், வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் துறையை அங்கே அடையாளம் காணவில்லை. கைபடாத பொருளுக்குச் சொல் செய்தால் இப்படித்தான் ஆகும்.

பாணன் பொய்யன் என்று தலைவி சினப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. ஏனெனில் பாணன் இன்னாரென்று அவளுக்குத் தெரியும். நமக்கும் நாம் படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே நிற்கிற வாயில் யாருடைய ஆள் என்று நமக்குத் தெரியுமா? அதன் அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறது, எதை மறுக்கிறது, யாருக்கு நகல் அனுப்புகிறது? ஏட்டுச்சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்ட பெரியோரின் வழிவந்தோம் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். ஸ்கேன் செய்த இதழ்கள் சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அடையும் வழியின் சாவி வேற்றூரில் ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. இது துறைக்கு அப்பாற்பட்ட விஷயமாம்!

மூன்றாவது விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறோம். பழைய கணினியை மீண்டும் வைக்கக் கோரவில்லை; பெட்டியே இருக்கட்டும். அதன் கடவுச்சொல்லை மூடிய உறையிலிட்டு முதல்வரின் பாதுகாப்பில் வைக்க வேண்டும். அதன் அமைப்பின் நகல் ஒன்றை நூலகரிடம் தர வேண்டும். காவல் விதிகளை மாற்றும்போது இரு துறைகளுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெட்டி பழுதாகும் நாளில் மாற்றாகப் பழைய கணினியை ஓட்ட இசைவு வேண்டும். சென்ற வாரம் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். மறுமொழி வந்தால் எழுதுகிறோம்.